வேறு வேலை கையில் இல்லாமல் வேலையை விடுவதற்கு முன்

வேலையிடத்தில் படும் பாடு, கிளினிக்குக்கு வரும்போது அந்தப் பெயரில் வருவதில்லை. தலைவலி என்று வரும். நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, திடீரென ஏறிய இரத்த அழுத்தம் என்று வரும். மருத்துவர் “வேலை எப்படிப் போகிறது?” என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வரும்: எல்லார் முன்னிலையிலும் ஏசும் மேற்பார்வையாளர், எம்.சி. எடுத்தால் பழிவாங்கும் ஷிப்ட் அட்டவணை, விடுப்பு நாளிலும் நள்ளிரவிலும் வந்து விழும் வாட்ஸ்அப் கட்டளைகள், நிறத்தையும் உடலையும் பற்றிய கேலி. இதைத்தான் பகடிவதை என்கிறோம்.

அப்படிப்பட்ட ஒரு வேலையை, அடுத்த வேலை கிடைக்கும் முன்பே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கூலாய் வட்டாரத் தமிழர்களுக்காக இந்தக் கையேடு எழுதப்பட்டுள்ளது. விடுங்கள் என்றோ விடாதீர்கள் என்றோ இது சொல்லாது. அந்த முடிவு உங்களுடையது. ஆனால், விடுவதென்று முடிவாகிவிட்டால் எதை முதலில் செய்வது என்பதில் ஒரு வரிசை உண்டு: முதலில் மருத்துவர், அதன் பிறகு கடிதம். கோபத்தில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, உடம்பு படுத்த பிறகு மருத்துவரைத் தேடுவோருக்குக் கிடைக்க வேண்டிய உதவி பல வேளைகளில் கைநழுவிப் போகிறது.

உடம்புக்கு என்ன நேர்கிறது

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் அனைத்துலக நோய்ப் பட்டியலில் “பர்ன்அவுட்” என்பதற்கு விளக்கம் கொடுத்தது. நீண்ட நாள் வேலை நெருக்கடியைச் சமாளிக்க முடியாமல் சக்தி வற்றிப்போவது, வேலை மீது வெறுப்பு வளர்வது, செய்யும் வேலை சரியாக வராமல் போவது ஆகிய மூன்றும் சேர்ந்த நிலை அது. அதை நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. வேலையால் வரும் நிலை என்றே சொல்கிறது. தமிழில் இதை “மனச்சோர்வு” என்று பெயர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. அது குழப்பத்தைத்தான் தரும். மனச்சோர்வு தனி நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. இதை “வேலைச் சோர்வு” என்று வைத்துக்கொள்வோம். வேலைச் சோர்வு கவனிக்கப்படாமல் நீண்டால் மனச்சோர்வுக்குக் கொண்டுபோய்விடக்கூடும் என்பதால், எது எது என்று பிரித்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர், மனச்சோர்வுடன் இருந்தார்கள். 2019-இல் அது 2.3 விழுக்காடு.

பாதிப்பு மனத்தோடு நிற்பதில்லை. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் கணக்கிட்டன. நீரிழிவு நம் மக்களிடையே மற்ற இனத்தாரைவிட அதிகம். தூக்கம் கெட்டு, நேரம் தவறிச் சாப்பிட்டு, “விடுப்பு கேட்டால் ஏசுவார்” என்று கிளினிக் தேதிகளைத் தவறவிடும் நீரிழிவு நோயாளிக்கு, மோசமான வேலையின் விலை சர்க்கரை அளவிலேயே தெரியும்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள்

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: “இருக்கிற வேலையை விட்டுட்டு என்ன செய்யப் போறே?” அப்பாவோ பெரியம்மாவோ இப்படிக் கேட்பதில் குற்றமில்லை. ஜொகூர் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு வேலை என்றால் சம்பளம் மட்டுமல்ல. லயத்து வீடு, பிள்ளைக் கொட்டகை, தோட்டத்து மருந்தகம் எல்லாம் வேலையோடு வந்தன. வேலை போனால் கூரையும் போனது. அவர்களுக்கும் முந்தியவர்கள் நிலைமை இன்னும் மோசம். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910-இல் நிறுத்தப்படும் வரை, ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்தப் பயம் நம் வீடுகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை. பெரியவர்களிடம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும். “வேலையை விடப் போகிறேன்” என்று தொடங்குவதைவிட, “டாக்டர் இப்படிச் சொல்கிறார்” என்று தொடங்குவது எளிது.

பகடிவதைக்கு ஆளாவது படிக்காதவர்கள் மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். 2022-இல் அரசாங்க மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் படும் பாடு பெரிய விவாதமானபோது, வேலைப் பண்பாட்டை ஆராய சுகாதார அமைச்சே தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தது.

முதலில் கிளினிக்

கூலாய் வட்டாரத்தில் உங்களுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. “எனக்கு டாஸ் பரிசோதனை செய்ய வேண்டும்” என்று முகப்பில் சொன்னாலே போதும். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளவிட 21 கேள்விகள் கொண்ட படிவம் அது. மலாய் சரளமாக வராத அம்மாவையோ மாமாவையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால், கேள்விகளை நீங்களே விளக்கிச் சொல்லலாம். ஆனால் பதிலை அவர்களே சொல்லட்டும்.

மருத்துவரிடம் வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள்: என்ன நடக்கிறது, எத்தனை மாதமாக, உடம்பில் எப்போதிலிருந்து மாற்றம். அவர் எழுதும் குறிப்பு சிகிச்சைக்கு உதவும். பின்னாளில் சொக்சோவுக்கோ தொழில் உறவு இலாகாவுக்கோ போக நேர்ந்தால், நீங்கள் வேலையில் இருந்தபோதே பாதிப்பு தொடங்கிவிட்டது என்பதற்குத் தேதியிட்ட சான்றாகவும் அது நிற்கும்.

எம்.சி. கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மன நலக் காரணத்துக்காகத் தரப்படும் எம்.சி.யும் எம்.சி.தான். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, 2 ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டு வரை 18 நாள், 5 ஆண்டுக்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். நான்கைந்து நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு எடுக்கும் முடிவு, இரவு ஷிப்ட் முடிந்த காலையில் எடுக்கும் முடிவைவிடத் தெளிவாக இருக்கும். அந்த ஓய்வுக்குப் பிறகும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால், அது வெறும் களைப்பின் பேச்சு அல்ல.

கடிதத்தில் என்ன காரணம் எழுதுகிறீர்கள்?

இந்தக் கையேட்டில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ராஜினாமா கடிதத்தில் காரணம் எழுதும் இடத்தில், பெரும்பாலோர் “சொந்தக் காரணங்களுக்காக” என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிரச்சினை வேண்டாம், நல்ல பெயரோடு போகலாம் என்ற எண்ணம். மனிதவளப் பிரிவும் சில வேளை அப்படியே எழுதச் சொல்லும். உண்மையிலேயே சொந்தக் காரணம் என்றால் சரி. மிரட்டல் தாங்காமல் வெளியேறுகிறவர் அப்படி எழுதினால், தன் உரிமையைத் தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்காக மாதந்தோறும் உங்கள் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள், முதலாளியும் கட்டுகிறார். வேலையை இழந்தவருக்கு, தகுதிக்கு ஏற்ப, வேலை தேடும் காலத்தில் சில மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு. பிறகு படிப்படியாகக் குறையும். 2,400 வெள்ளி சம்பளக்காரருக்கு முதல் மாதம் ஏறக்குறைய 1,900 வெள்ளி.

தானாக முன்வந்து வேலையை விட்டவருக்கு இது கிடையாது. மலாய்ப் பாரத்தில் “சுக்காரேலா” என்று இருக்கும். தமிழில் “சுய விருப்பம்”. ஆனால் எல்லா ராஜினாமாவும் சுய விருப்பம் ஆகாது என்பதைச் சட்டமே ஏற்கிறது. பாலியல் தொல்லையால் விலகியவர், வேலையிடத்தில் மிரட்டப்பட்டதால் விலகியவர், தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆபத்தான பணியைச் செய்யும்படி கட்டளையிடப்பட்டதால் விலகியவர் ஆகியோர் வேலை இழந்தவர்களாகவே கருதப்பட்டு விண்ணப்பிக்கலாம். வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதே போன்ற இன்னொரு வழி “மறைமுகப் பணிநீக்கம்”. முதலாளியின் நடத்தை ஒப்பந்தத்தையே முறிக்கும் அளவுக்குப் போய், அதனால் தொழிலாளி வெளியேறினால், அவர் நீக்கப்பட்டதாகச் சட்டம் கருதலாம். சம்பளத்தைத் தன்னிச்சையாகக் குறைப்பது, காரணமின்றிப் பதவி இறக்குவது போன்றவை இதில் வரக்கூடும். முதலாளி கடுமையானவர், நியாயமற்றவர் என்பது மட்டும் போதாது. அவர் ஒப்பந்தத்தை முறித்தார் என்று காட்ட வேண்டும். 1988-இல் கேத்தே நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. நடந்ததைச் சகித்துக்கொண்டு வெகுநாள் கழித்து விலகினால் வழக்கு பலவீனமாகும். 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்ய இங்கும் 60 நாள்தான். “கொஞ்சம் மனசு ஆறட்டும்” என்று மூன்று மாதம் கழித்துப் போனால் கதவு மூடியிருக்கும்.

ஆகவே, விலகும் முன்னரே எழுத்தில் புகார் செய்யுங்கள். வாய்ச்சொல் போதாது, மின்னஞ்சல் நல்லது. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க மறுக்கும் முதலாளி, காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். நடந்தவற்றைத் தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். வாட்ஸ்அப் செய்திகளைப் படம் பிடித்து, கம்பெனிக் கைப்பேசியில் அல்லாமல் சொந்தக் கைப்பேசியில் வையுங்கள். கம்பெனியின் இரகசிய ஆவணங்களை எடுத்துவர வேண்டாம். அது உங்களுக்கே வினையாகும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கோபமும் வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ இந்தப் பொருளில் எழுதினால் போதும்: “இன்ன தேதிகளில் இன்னாரால் மிரட்டப்பட்டேன். இன்ன தேதியில் எழுத்து மூலம் புகார் செய்தேன். நடவடிக்கை எடுக்கப்படவில்லை. இந்நிலையில் வேலையில் தொடர இயலாததால் விலகுகிறேன்.” நான்கு வாக்கியம். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்

காலையில் எழுந்து “இனி போகவே முடியாது” என்று கைப்பேசியை அடைத்துவிடுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அனுமதியும் தகுந்த காரணமும் இன்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமலிருந்து, தகவலும் சொல்லாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். முன்னறிவிப்புக் காலத்திற்கான சம்பளத்தை உங்களிடம் கேட்கலாம். இறுதிச் சம்பளத்திலிருந்து கழிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் முன்னறிவிப்பு 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். “உன் ராஜினாமாவை நான் ஏற்கவில்லை” என்று மேலாளர் சொன்னால் கலங்க வேண்டாம். விலக அவர் அனுமதி தேவையில்லை, எழுத்தில் அறிவிப்புத் தந்தால் போதும். முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து விலகினால், கடைசி நாளன்றே சம்பளம் தரப்பட வேண்டும். எடுக்காத ஆண்டு விடுப்புக்கும் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

உயிருக்கோ உடலுக்கோ வன்முறையால் உடனடி ஆபத்து என்றால் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியேறச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. கையை ஓங்குகிற இடத்தில் நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியேறி, போலீஸ் புகார் செய்து, ஆள்பல இலாகாவுக்குப் போங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்திருப்போருக்கு இது வேறு மாதிரி. அனுமதி அந்த முதலாளியோடு கட்டுண்டது. சொல்லாமல் வெளியேறினால் தப்பியோடியவர் என்று புகார் செய்யப்படலாம். முதலில் ஆள்பல இலாகாவில் புகாரைப் பதிவு செய்யுங்கள். உங்கள் கடப்பிதழை முதலாளி பிடித்து வைப்பது சட்டவிரோதம். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, வெளியேற விடாமல் தடுப்பது 2023 முதல் கட்டாய உழைப்புக் குற்றம். 100,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

விடியுமுன் பேருந்து ஏறிச் சிங்கப்பூருக்குப் போய்வரும் கூலாய்க்காரர்கள் மேலே சொன்னவற்றைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே சிங்கப்பூர்ச் சட்டம். ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால் முன்னறிவிப்பு, சேவைக் காலத்துக்கு ஏற்ப 1 நாள் முதல் 4 வாரம் வரை. வேலை போனால் வேலை அனுமதியும் ரத்தாகும். சிங்கப்பூர் வேலைக்குச் சொக்சோ சந்தா கட்டப்படாததால், மலேசிய உதவித்தொகையையும் எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்குக் கைச்சேமிப்புதான் காப்பு, கூடுதலாகவே வேண்டும்.

பணமும் மருந்தும்

வீட்டு வாடகை அல்லது தவணை, கார், மின்சாரம், பிள்ளைகளின் செலவு, அரிசி பருப்பு. இவற்றை மட்டும் கூட்டி, கையிருப்பை அதனால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். மனத்தில் போடும் கணக்கு எப்போதும் தவறாகவே வரும். தாளில் எழுதிப் பாருங்கள். இபிஎஃப் சேமிப்பில் 2024 மே மாதம் முதல் உள்ள நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும், குறைந்தது 50 வெள்ளி முதல், எடுக்கலாம். கடன் தவணை இடித்தால், ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்தின் சேவை இலவசம். தவணை தவறிய பிறகு போவதைவிட, தவறும் முன் போவது நல்லது.

மருந்தை மறந்துவிடுவோர் அதிகம். கம்பெனிப் பேனல் கிளினிக்கில் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர், கடைசி வேலை நாளுக்கு முன்பே தன் மருத்துவக் குறிப்புகளின் நகலை வாங்கி, அரசாங்கக் கிளினிக்கில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கம்பெனிக் காப்புறுதி அன்றோடு முடியும். மனைவி, மக்கள் அதே காப்புறுதியில் இருந்தால் அவர்களுக்கும் அதே கதைதான்.

விட்ட பிறகு வரும் நாள்கள்

முதல் வாரம் நிம்மதியாக இருக்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் இன்னொரு கனம் வந்து உட்காரும்.

ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அருகே மரியென்தால் என்றோர் ஊர். அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, மாரி யஹோடா என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் 1930-களின் தொடக்கத்தில் அங்கே போய் ஆராய்ந்தார்கள். நேரம் தாராளமாக இருந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை, சம்பளத்தோடு நாளுக்கு ஓர் உருவத்தையும் தருகிறது. அது போனதும் நாள் கரைந்து போகிறது. அதனால்தான் வேலை இல்லாமை தானும் ஓர் உடல்நல ஆபத்து என்கிறோம்.

அதே நேரத்துக்கு எழுவது, காலையில் அரை மணி நேரம் வீட்டருகே நடப்பது, வேலை தேடலுக்கு என்று இரண்டு மணி நேரம் ஒதுக்கி மற்ற நேரத்தில் அதைத் தொடாமல் இருப்பது உதவும். மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் யாரும் இலவசமாகப் பதியலாம். சுய விருப்பத்தில் விட்டவருக்கும் தடையில்லை. கோவிலில் “இப்போ எங்கே வேலை?” என்று கேட்பார்கள். “ஓய்வில் இருக்கிறேன், தேடிக்கொண்டிருக்கிறேன்” என்பது முழுமையான பதில். அதற்கு மேல் விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்படவில்லை.

அவசரத்தில் கிடைத்த முதல் வேலையில் போய் விழாதீர்கள். 7,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேலையில்லாமலிருந்து மோசமான வேலைக்குப் போனவர்களின் மன நலம், வேலையில்லாமலே இருந்தவர்களைவிட அதிகம் சரிந்தது. எல்லாராலும் காத்திருக்க முடியாது. அடுப்பு எரிய வேண்டும். ஆனால் நேர்காணலில் “இந்த இடத்தில் இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார்?” என்று கேட்கலாம். பதிலைவிட, பதில் சொல்லும் முகத்தைக் கவனியுங்கள்.

உடனே உதவி வேண்டுமா?

“இருந்து என்ன பயன்” என்ற எண்ணம் வந்தால், ராஜினாமா, 60 நாள், கடிதம் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். கூலாயில் தெமெங்கோங் ஸ்ரீ மகாராஜா துன் இப்ராஹிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம், 999 அழைக்கலாம். கூட இருப்பவர் அவரைத் தனியாக விடாமல் அழைத்து வர வேண்டும்.

சுகாதார அமைச்சின் ஹீல் மன நல உதவித் தொலைபேசி: 15555
பிஃப்ரெண்டர்ஸ், 24 மணி நேரமும்: 03-7627 2929
தாலியான் காசே: 15999
சொக்சோ: 1-300-22-8000
ஆள்பல இலாகா: 03-8000 8000